பந்தியில் வான்கோழி

நகைக்கடன் விண்ணப்பத்தில் ‘நோக்கம்’ என்று ஒரு கட்டம் உண்டு. டிசம்பர் பிறந்துவிட்டால் இந்தத் தீவில் அந்தக் கட்டத்தை நிரப்புவது பொய் எழுதும் வேலையாகிவிடுகிறது. கடன் கேட்டு வருகிறவர்கள் பொய் சொல்வதில்லை. “பண்டிகை வருது சார்” என்று நேராகச் சொல்லிவிடுகிறார்கள். பொய்யை எழுதுவது நான். வலை பழுது பார்க்க, எஞ்சின் சாமான் வாங்க, ஐஸ் பெட்டி வாங்க. பண்டிகைக்காகக் கடன் வாங்குவது என்பதை நான் வேலை பார்க்கும் வங்கி ஒரு நோக்கமாக ஒப்புக்கொள்ளாது. உரைகல்லில் சங்கிலியைத் தேய்த்துப் பார்க்கும் மதிப்பீட்டாளருக்கும் இது தெரியும், மேலே கையெழுத்துப் போடுகிறவருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்த பொய் என்பதால் அது யாரையும் உறுத்துவதில்லை. என்னைக் கொஞ்சம் உறுத்தியது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் எழுதாமல் விட்டதில்லை.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வடக்கே மாமல்லபுரம் பக்கம் கரை கடந்தது. அதற்கு முன்னும் பின்னும் இங்கே மீன்துறை டோக்கன் கொடுக்காத நாட்கள் பல. அந்த நாட்களில் ஒருவர் மூன்று பவுன் சங்கிலியோடு வந்தார். தங்கச்சிமடத்துக்காரர். விசைப்படகில் பங்குக்குப் போகிறவர், சொந்தப் படகு கிடையாது. நான் ‘வலை பழுது’ என்று எழுதி முடித்ததும் அவர் கௌண்டரில் குனிந்து சொன்னார்: “கிறிஸ்துமசுக்கு நீங்க வீட்டுக்கு வரணும் சார். இந்த வருசம் எங்க வீட்ல வான்கோழி.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பிலிருந்துதான் இந்தக் கட்டுரை ஆரம்பமாகிறது.

ஏன் சிரித்தேன் என்பது விளக்க வேண்டாத விஷயம். மூதுரைப் பாட்டு ஒன்றைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த எவருக்கும் வான்கோழி என்றால் மயிலைப் பார்த்துச் சிறகை விரித்த அசடுதான். அந்தப் பாட்டைச் சொன்ன ஔவை கல்லாதவனின் கவிதைக்குத்தான் அதை உவமையாக்கினார். ஆகவே விமர்சகர்களுக்கு அது கைக்கு வாகான கல். இதே மாதிரிப் பத்திரிகைகளில் எத்தனை கவிஞர்கள்மீது அந்தக் கல் விழுந்திருக்கிறது! நானும் எறிந்திருக்கிறேன். எலியட்டைப் படித்துவிட்டு ஊர்க் கண்மாயைப் பாழ்நிலமாகக் கண்ட ஒரு இளைஞனை நான்கு வருஷங்களுக்கு முன் ஒரு மதிப்புரையில் வான்கோழி என்றேன். அவன் அதற்குப் பிறகு எழுதவில்லை. என்னால்தான் என்று சொல்ல மாட்டேன், அவ்வளவு முக்கியத்துவம் என் மதிப்புரைக்குக் கிடையாது.

தங்கச்சிமடத்து மீனவர் கிறிஸ்துமசுக்கு வான்கோழி சமைப்பது அதே ரகம் என்று அந்த நேரத்தில் எனக்குப் பட்டது. வெள்ளைக்காரன் மேஜையில் வைப்பதை இவர் பாயில் வைக்கப் பார்க்கிறார். நானூறு வருஷத்துக்கும் மேலாகக் கத்தோலிக்கம் வேரூன்றிய கரை இது. அதற்கென்று சமையல் இருக்கிறது, ருசி இருக்கிறது, வழக்கம் இருக்கிறது. அங்கே இந்தப் பறவைக்கு என்ன தகுதி? தகுதி என்பது வங்கிக்காரன் வார்த்தை. விமர்சகனின் வார்த்தையும் அதுவே.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது சிரிப்பு நிற்கவில்லை, திசை மாறிற்று. வான்கோழி மெக்ஸிகோவில் பழக்கப்பட்ட பறவை. கொலம்பஸ் போன பிறகு, பதினாறாம் நூற்றாண்டில்தான் ஸ்பானியர்கள் மூலம் அது ஐரோப்பாவுக்கு வந்தது. அதற்குப் பின்தான் இந்தியா. 1612இல் கோவாவிலிருந்து முகர்ரப் கான் கொண்டுவந்த விசித்திரங்களில் ஒன்றாக ஜஹாங்கீர் அதைப் பார்த்தார். தலையும் தாடியும் நிறம் மாறுவதைக் கண்டு அதிசயித்துத் தன் நினைவுக் குறிப்பில் எழுதினார், படமும் வரையச் சொன்னார். மன்சூர் வரைந்த வான்கோழி இன்றும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது. டில்லி பாதுஷாவுக்கே 1612இல் புதுமை. அப்படியென்றால், மூதுரை ஔவையைச் சோழர் காலத்தில் வைப்பவர்கள் அவர் பார்த்தது வேறு ஏதோ பறவை என்று ஒப்புக்கொண்டாக வேண்டும். நம் முற்றத்தில் உறுமிக்கொண்டு திரியும் பறவை, முன்பே இருந்த ஒரு பெயரில் பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தப் பெயரோடு வசையும் அதற்கு வந்து சேர்ந்தது. மயிலைப் பார்த்து ஆடிய குற்றத்தை இது செய்யவேயில்லை. அதன் ஊரில் மயிலே கிடையாது. அது சிறகு விரிப்பது அதனுடைய சொந்த ஆட்டம்.

பெயர் விஷயத்தில் உலகம் முழுவதுமே இப்படித்தான். இங்கிலீஷ்காரன் அதைத் துருக்கியின் பெயரால் அழைக்கிறான். துருக்கியில் அதன் பெயர் ‘ஹிந்தி’. பிரெஞ்சுக்காரனும் இந்தியாவிலிருந்து வந்தது என்றே பெயர் வைத்தான். போர்ச்சுகீசியனுக்கு அது ‘பெரு’. டச்சுக்காரன் நம் கள்ளிக்கோட்டையை நினைத்து ‘கல்கூன்’ என்றான், அந்தச் சொல் சிங்களத்தில் ‘களுகுமா’ என்று இப்போதும் இருக்கிறது. மலாய்க்காரர்களோ ‘ஹாலந்துக் கோழி’ என்று டச்சுக்காரன் தலையிலேயே கட்டிவிட்டார்கள். எல்லோருக்கும் அது அடுத்தவன் ஊர்ப் பறவை. தமிழன் ஒருவன்தான் எந்த நாட்டையும் சொல்லாமல் வானத்தைக் கைகாட்டினான்.

இது ஒரு பக்கம். எந்த மூலத்தைப் பார்த்து என் மீனவர் பாவனை செய்கிறார் என்று நான் நினைத்தேனோ அந்த மூலத்தையாவது பார்க்கலாம் என்று தோன்றியது. பி.ஏ.வில் எங்களுக்கு டிக்கன்ஸ் பாடம். 1843இல் வந்த அந்தக் கிறிஸ்துமஸ் கதையை இங்கிலீஷ் படித்த எல்லோரும் ஏதாவது ஒரு வகுப்பில் படித்திருப்பார்கள். ஆனால் ஒரு விஷயத்தை எங்கள் பேராசிரியர் சொல்லவில்லை, நானும் அப்போது கவனிக்கவில்லை. அந்த ஏழைக் குமாஸ்தாவின் வீட்டில் நடப்பதாக டிக்கன்ஸ் காட்டுகிற விருந்தில் இருப்பது வாத்து. வாத்துதான் அன்று லண்டன் ஏழையின் பண்டிகைப் பறவை. வீட்டில் பெரிய அடுப்பு கிடையாது, ரொட்டிக்கடை அடுப்பில் கொடுத்து வாட்டிக்கொண்டு வருகிறார்கள். ஆப்பிள் குழம்பும் மசித்த உருளைக்கிழங்கும் சேர்த்துத்தான் அது அத்தனை பேருக்கும் எட்டுகிறது. வான்கோழி கடைசியில்தான் வருகிறது. மனம் மாறிய முதலாளி கடையில் தொங்கிய பெரிய வான்கோழியை வாங்கி அனுப்புகிறார். குடும்பமே கூடி வாத்தைப் புகழ்ந்து சாப்பிடுகிற அந்தப் பக்கங்களுக்குப் பக்கத்தில் வைத்தால், வான்கோழி மேலே இருந்து இறங்கி வந்த தயவு. அதை அவர்கள் சாப்பிடுவதைக்கூட டிக்கன்ஸ் காட்டவில்லை. நானும் ஒரு குமாஸ்தா என்பதால் இப்போது படிக்கும்போது இது கண்ணில் படுகிறது போலும்.

அமெரிக்கர்களின் நன்றி நாளும் அவ்வளவு பழைய சொத்து இல்லை. 1621இல் பிளிமத்தில் நடந்த விருந்தைப் பற்றி அதில் இருந்த ஒருவர் எழுதிய கடிதத்தில் மான்களும் பொதுவாகப் பறவைகளும்தான் வருகின்றன. சாரா ஜோசபா ஹேல் என்ற பத்திரிகையாசிரியை வருஷக்கணக்காக எழுதி எழுதி, உள்நாட்டுப் போரின் நடுவில் 1863இல் லிங்கன் தேசிய நாளாக அறிவித்த பிறகுதான் அது இன்றைய உருவத்துக்கு வந்தது. இப்போது அங்கே பண்ணைகளில் வளரும் வான்கோழிக்கு மார்பு அவ்வளவு பெருத்துவிட்டது, தானாக இணைசேர அதனால் முடியாது. விந்து செலுத்தித்தான் இனவிருத்தி. 1989இலிருந்து ஒவ்வொரு வருஷமும் ஜனாதிபதி ஒரு வான்கோழிக்குப் பகிரங்கமாக மன்னிப்பு வழங்குகிறார். அது செய்த குற்றம் என்ன என்று யாரும் கேட்பதில்லை. மிச்சமுள்ள கோடிக்கணக்கானவை என்ன குற்றம் செய்தன என்றும் கேட்பதில்லை.

ஆக, பாவனை என்ற குற்றச்சாட்டு நிற்காது. பாவனை செய்யப்படுகிற பொருளே பாவனைகளால் ஆனது. ஆனால் இதை நிரூபித்துவிட்டதால் வான்கோழிக்குப் பந்தியில் இடம் கிடைத்துவிடுமா? எல்லாம் கலப்புத்தான், எதற்கும் மூலமில்லை என்று சொல்லி நியாயப்படுத்தினால் எதைத்தான் நியாயப்படுத்த முடியாது? இன்றைய விமர்சனத்தில் இந்தத் தப்பித்தல் நிறைய நடக்கிறது.

வழக்கம் தகுதி தரும் என்பவர்களுக்கு இந்தக் கரை வைத்திருக்கும் பதில் ஆமை.

மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் கடற்புல் மேயும் பேராமையின் கறி, ஒரு காலத்தில் இங்கே விசேஷ நாள் கறி. பிடித்த ஆமைகளைக் கரையோரத்தில் பட்டி கட்டி வைத்து உயிரோடு இலங்கைக்கு ஏற்றி அனுப்பியதும் உண்டு. ருசியில் அதற்கு இணை கிடையாது என்று சொல்லும் கிழவர்களை நான் பார்த்திருக்கிறேன். சொல்லிவிட்டு என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்ப்பார்கள், அரசாங்க ஆளோ என்று. அதே கடற்புல்லைத் தின்னும் கடல்பசுவும் அப்படித்தான் போயிற்று. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் கடல்பசுவைத் தொட்டியில் விட்டு வளர்த்துப் பார்த்த காலம் உண்டு. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1977இல் கடலாமைகள் அதன் முதல் அட்டவணைக்குள் கொண்டுவரப்பட்டன. 1986இல் மன்னார் வளைகுடாவின் இருபத்தொரு தீவுகளும் தேசியப் பூங்காவாயின. 2022 செப்டம்பரில், என் மீனவர் சங்கிலியோடு வருவதற்கு மூன்று மாதம் முன்பு, வடக்கே தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் கடல், கடல்பசுவுக்கென்றே காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

வழக்கத்தால் தகுதி வருமென்றால் ஆமைக்குத்தான் முதல் இலை போட வேண்டும். ருசியால் வருமென்றாலும் அதற்கே. இரண்டும் இருந்தும் அது பந்தியிலிருந்து எடுக்கப்பட்டது. எடுத்தது நியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கவனிக்க வேண்டியது, எடுத்த பிறகும் பண்டிகை நின்றுவிடவில்லை என்பது. அந்த இடத்தில் ஆடு வந்து உட்கார்ந்தது. மீன் வரவில்லை. கரையில் மீன் தினசரிச் சோறு, நல்ல நாளில் யாரும் அதைப் பெருமையாகப் பரிமாறுவதில்லை. இவர்களுக்குக் கறி என்றால் நிலத்திலிருந்து வர வேண்டும், காசு கொடுத்து வாங்கியதாக இருக்க வேண்டும். அரிதாக இருப்பது ஒன்றே அதன் தகுதி. உள்நாட்டிலிருந்து யாத்திரை வருகிறவன் இதே தீவில் மீனைத் தேடி அலைகிறான்.

கொல்வதைப் பற்றி இதுவரை எதுவும் சொல்லாமல் தள்ளிக்கொண்டு போகிறேன் என்று வாசகர் நினைக்கலாம். சரிதான். நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். புலால் மறுத்தல் அதிகாரம் எங்கள் வீட்டுச் சுவரில் ஃபிரேம் போட்டுத் தொங்கியது. வள்ளுவரின் வாதம் இன்றுவரை எனக்கு அசைக்க முடியாததாகவே இருக்கிறது. வாங்கித் தின்பவனும் கொன்றவனோடு சேர்ந்தவன் என்பதை ஒரு வங்கி ஊழியன் மறுக்கவே முடியாது. பணம் எங்கே போய் என்ன செய்கிறது என்பதற்குக் கணக்கு எழுதுவதுதான் அவன் பிழைப்பு. இந்தத் தீவின் பெரிய கோயிலே ஒரு கொலையின் பிராயச்சித்தத்தில் எழுந்தது என்றுதான் தலபுராணம் சொல்கிறது. கொல்லப்பட்டவன் ராவணனாகவே இருந்தாலும், கொன்றவன் ராமனாகவே இருந்தாலும், தோஷம் தோஷம்தான்.

ஆனால் என் சைவத்தை நான் எப்படிப் பெற்றேன் என்று கேட்டுக்கொண்டால் அவ்வளவு நிமிர்ந்து நிற்க முடியவில்லை. வள்ளுவரைப் படித்து யோசித்து வந்தது அல்ல அது. சமையலறையோடு வந்தது. அதோடு கூடவே யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், யார் வீட்டில் கூடாது என்ற பட்டியலும் வந்தது. பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். வான்கோழி என்று கேட்டதும் வந்த சிரிப்பில் அந்தப் பட்டியலின் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருக்கவில்லை என்று சத்தியம் செய்ய முடியுமா? அவர் ஆடு என்று சொல்லியிருந்தால் சிரித்திருக்க மாட்டேன். அவருக்கு எது பொருத்தம் என்று நானாகவே ஒரு எல்லை வைத்திருந்தேன், அவர் அதைத் தாண்டிவிட்டார். எலியட்டைப் படித்த அந்த இளைஞன் விஷயத்திலும் இதுதான் நடந்தது. அவன் கவிதை மோசம் என்பதில் இன்றும் என் அபிப்பிராயம் மாறவில்லை. ஆனால் மோசம் என்று எழுதியிருக்க வேண்டும். இரவல் என்று எழுதியது வேறு காரணத்துக்காக.

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் போனேன். பாம்பன் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, தென்னைகளுக்கு நடுவில் வீடு. வாசலில் குடில், அதற்குள் மாட்டுக்கொட்டிலோடு ஒரு பிளாஸ்டிக் படகும் இருந்தது. மேஜை இல்லை. பாய் விரித்து இலை போட்டிருந்தார்கள். முப்பது பேருக்குக் குறையாது. பறவை முந்தின நாள் வரை பின்புறம் வேப்பமரத்தில் கட்டியிருந்ததாம். பரமக்குடிப் பக்கம் ஒரு தோப்பிலிருந்து வாங்கி வந்தது.

“டிவில பாத்துட்டு மகன் கேட்டான் சார்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆட்டுக்கறி கிலோ என்ன விலை விக்குது! முப்பது பேருக்கு ஆடு எடுக்க முடியுமா? இது ஒண்ணே உசுரோட எட்டு கிலோ.”

எனக்குத் தலையில் குட்டியது போல இருந்தது. நான் இரண்டு வாரமாக மூலம், பாவனை, வழக்கம் என்று புரட்டிக்கொண்டிருந்ததை அவர் ஒரு பெருக்கல் கணக்கில் முடித்துவிட்டார். டிக்கன்ஸின் வாத்து எந்தக் காரணத்துக்காக அந்த வீட்டில் இருந்ததோ அதே காரணம். ஆனால் கணக்கு மட்டும்தானா என்றால் அதுவும் இல்லை. மகன் கேட்டிருக்கிறான், அவருக்கும் ஆசை இருந்திருக்கிறது. வாத்து, வான்கோழி இரண்டும் ஒரே பறவையில் இருந்தன.

அவருடைய தாயார் அடுப்படியில் இருந்தார். கறியைப் பட்டை, கிராம்பு, தேங்காய்ப்பால் எல்லாம் போட்டு ஆட்டுக்கறி மாதிரியே வைத்திருந்தார். என்னிடம் முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னார்: “ருசி இல்ல தம்பி. சவசவன்னு கெடக்கு. எவ்வளவு மசாலா போட்டாலும் உள்ள ஏற மாட்டேங்குது. ஆனா பங்கு வைக்க ஆகும்.”

பங்கு என்ற சொல் இந்தக் கரையில் சாதாரணச் சொல் இல்லை. படகில் கிடைத்ததை டீசல், ஐஸ் கழித்துப் பிரிப்பது பங்கு. அந்த அம்மா தூக்குவாளிகளில் கறியைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒன்று, படகு பிடிபட்டு இலங்கையில் கிடக்க, வேலையில்லாமல் திரும்பி வந்திருந்த அடுத்த வீட்டுக்காரருக்கு. ஒன்று, புருஷன் கடலில் போய்ச் சேர்ந்த ஒருத்திக்கு. ஒன்று, கிறிஸ்துமஸ் கொண்டாடாத ஒரு முஸ்லிம் வீட்டுக்கு. பக்ரீத்துக்கு அங்கிருந்து ஆடு வரும் என்றார், அவர்கள் முறைப்படி அறுத்ததைத்தான் அங்கே கொடுப்பது என்பதால் இதை அந்த வீட்டுப் பையனை வைத்தே அறுத்ததாகவும் சொன்னார். 1964இல் தனுஷ்கோடியைப் புயல் எடுத்துக்கொண்டு போனபோது அவர் சின்னப்பெண். டிசம்பர் 22 ராத்திரி புயல், மூன்றாம் நாள் கிறிஸ்துமஸ். “அந்த வருசம் கஞ்சிதான். அதையும் பங்கு வெச்சுத்தான் குடிச்சோம்” என்றார். இதைச் சோகமாகச் சொல்லவில்லை. ஏனத்தைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

நான் கறி சாப்பிடுவதில்லை என்பதை முன்பே சொல்லியிருந்தேன். எனக்கு இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் வைத்தார்கள். அவர் ஒரு சின்னத் தூக்கில் இரண்டு துண்டு எடுத்து மூடி, “இது உங்க பங்கு தம்பி” என்றார். நான் விழித்தேன். “நீங்க திங்காட்டி என்ன, உங்க பேர்ல போகட்டும்” என்று சொல்லி அதைப் பேத்தி கையில் கொடுத்து எங்கோ அனுப்பினார். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். வள்ளுவர் பக்கம் நிற்பவன் அப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும். என் பேரில் ஒரு பறவையின் இரண்டு துண்டு கறி யாருக்கோ போயிற்று, நான் பேசாமல் இடியாப்பம் சாப்பிட்டேன்.

இதை வைத்து என்ன சொல்வது? கொல்வது தவறு என்ற என் எண்ணம் அன்றைக்கு மாறவில்லை. அந்தப் பறவைக்குத் தன் சாவில் எந்த நியாயமும் தெரிந்திருக்காது. பங்கு வைத்தால் கொலை மறைந்துவிடும் என்று அந்த அம்மாவும் சொல்லவில்லை, அவர் பேசியது ருசியையும் அளவையும்தான். ஆனால் வான்கோழிக்கு அந்தப் பந்தியில் இடமுண்டா என்ற கேள்வியை நான் பறவையை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கிருந்து வந்தது, யாருடையது, எப்படி ருசிக்கிறது. அவர் அதைத் தூக்குவாளிகளின் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தார். இந்தக் கோயிலில் ராமன் கேட்டபடி கைலாசத்திலிருந்து அனுமன் லிங்கம் கொண்டுவரத் தாமதமாகிவிட, அதற்குள் சீதை மணலில் பிடித்ததையே பூஜித்துவிட்டார்கள். ஆனாலும் பிந்தி வந்த லிங்கத்துக்குத்தான் முதல் பூஜை, அனுமன் மனம் நோகக்கூடாதென்று ராமன் வைத்த ஏற்பாடு. இந்தத் தீவில் இடம் கொடுப்பது பொருளின் தகுதியைப் பார்த்து நடந்ததாகத் தெரியவில்லை.

2023 ஜூன் 14ஆம் தேதியோடு மீன்பிடித் தடைக்காலம் முடிந்தது. அறுபத்தோரு நாள். அதற்கு இரண்டு வாரம் கழித்து அவர் வங்கிக்கு வந்தார். நகையை மீட்கவில்லை, வட்டி கட்டி மாற்றி வைக்க வந்தார். மறுபடியும் விண்ணப்பம், மறுபடியும் அந்தக் கட்டம்.

“இந்தத் தடவை என்னண்ணே எழுத?” என்று கேட்டேன்.

“போன தடவ என்ன எழுதினீங்களோ அதையே எழுதுங்க சார்” என்றார். பிறகு, “வாற வருசம் ஆடுதான். அம்மா சொல்லிருச்சு. பாதி ஆடு, பக்கத்து வீட்டுக்காரரோட சேந்து.”

‘வலை பழுது’ என்று எழுதினேன்.